பின் பிரேக்கைப் பற்றிய ஒரு வரி

உட்காருங்கள் மேடம். அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்கள். கொஞ்சம் மெதுவாகப் பேசுவோம். உள்ளறையில் மகள் இப்போதுதான் கண்ணயர்ந்தாள்.

மண்பாதையில் ஓட்டுகிற பைக்குகளைப் பற்றிப் பத்திரிகையில் எழுதுகிறவன் என்று தெரிந்தால் எல்லாரும் முதலில் கேட்பது ஒன்றைத்தான். "உங்க விமர்சனத்தையெல்லாம் நம்பலாமா சார்?" வாயை அகலத் திறந்து உட்கார்ந்திருந்தபோது பல் டாக்டர்கூடக் கேட்டிருக்கிறார். விசாரணைக்கு வந்த நீங்களும் வாசலில் அதையேதான் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. நம்பலாம், ஆனால் படிக்கத் தெரிய வேண்டும். 'இருக்கை சற்று உறுதியானது' என்றிருந்தால் பாறைமேல் உட்கார்ந்த மாதிரி இருக்கும் என்று அர்த்தம். 'அனுபவசாலிகளுக்கு ஏற்றது' என்றால் ஆளைத் தூக்கிப் போட்டுவிடும். வண்டியின் நிறத்தைப் பற்றி அரைப் பக்கம் இருந்தால் எஞ்சினைப் பற்றிச் சொல்ல நல்லதாக எதுவும் கிடைக்கவில்லை. கம்பெனிக்காரர்கள் மலையடிவார விடுதியில் தங்கவைத்து, விருந்து போட்டு, அப்புறம்தான் சாவியைக் கையில் கொடுப்பார்கள். தின்ற வாய் எப்படித் திட்டும்?

நான் திட்டுவேன். பெருமைக்குச் சொல்லவில்லை, நீங்கள் பழைய இதழ்களைப் புரட்டிப் பார்க்கலாம். என்னால் விளம்பரத்தை நிறுத்திக்கொண்ட கம்பெனிகள் உண்டு. "உன் பேனாவுக்கு மூடியே கிடையாதாப்பா?" என்று ஆசிரியர் தலையில் கைவைத்துக்கொள்வார். ஆனாலும் என்னை விடவில்லை. என் பக்கத்துக்காகவே இதழ் வாங்குகிறவர்கள் இருந்தார்கள். குருவி சேர்க்கிற மாதிரி அந்த நம்பிக்கையைச் சேர்த்தேன். செலவழித்தது ஒரே ஒரு தடவைதான்.

மகளை வாலு என்றுதான் கூப்பிடுவேன். பேச்சு சரியாக வருவதற்கு முன்பே அம்மாவை இழந்தவள். எனக்குத் தலை பின்னத் தெரியாது, தாலாட்டத் தெரியாது. தெரிந்ததெல்லாம் வண்டி. பெட்ரோல் டாங்க்கின் மேல் உட்காரவைத்து ஓட்டினேன், தூங்கிப்போவாள். கால் தரையில் எட்டியதும் ஒரு குட்டி வண்டி வாங்கிக் கொடுத்தேன். அன்றைக்கே அது மரத்தில் மோதியது. அவள் எழுந்து, மரத்தை ஓர் உதை உதைத்துவிட்டு, மறுபடி ஏறினாள். வாலு என்று பேர் வைத்தது வீண்போகவில்லை.

அவளுக்கு நான் சொல்லிக்கொடுத்ததில் முக்கியமானது ஒன்று. இறக்கத்தில் இரண்டு விரல் எப்போதும் முன் பிரேக்கின் மேல் இருக்க வேண்டும். பின் பிரேக்கை மட்டும் நம்பினால் அது சமயம் பார்த்துக் காலை வாரிவிடும். சொல்லிச் சொல்லி அது அவள் உடம்பில் ஊறிப்போயிருந்தது. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருக்கும்போதுகூட அந்த இரண்டு விரல் மடங்கியபடியே இருக்கும்.

வளர்ந்ததும் நான் வண்டி சோதிக்கப் போகிற இடத்துக்கெல்லாம் வந்தாள். அவள் ஓட்ட, படம் எடுப்பார்கள், நான் எழுதுவேன். திரும்பி வரும்போது வழியெல்லாம் வண்டியைப் பற்றித்தான் பேச்சு. இந்த உலகத்தில் அதைவிடப் பெரிய சுகம் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது.

ஒரு நாள் ஈரத்தலையோடு சமையலறைக்குள் வந்தாள். "அப்பா, டீம்ல எடுத்துட்டாங்க."

"எந்த டீம்ல?"

"பாலைவனப் பந்தயம் ஓட்டுவாங்களே, அவங்கதான். கடல் தாண்டிப் போகணும். அங்கேயே தங்கணும்பா."

"எவ்வளவு நாளைக்கு?"

"நல்லா ஓட்டினா திரும்பியே வர வேண்டாம்னு சொல்றாங்க," என்று சிரித்தாள்.

நானும் சிரித்தேன். முதுகில் தட்டிக் கொடுத்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, துடைத்தேன். பெற்ற மனம் பித்து என்பார்கள். அப்படியெல்லாம் ஒன்றுமில்லை. மனம் அன்றைக்கு ரொம்பத் தெளிவாக இருந்தது.

பயிற்சிக்கு வண்டியை அவளே வாங்கிக்கொள்ள வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். எதை வாங்கலாம் என்று கேட்டாள். நான் பதில் சொல்ல வாயெடுத்தபோது தடுத்துவிட்டாள்.

"நேர்ல சொல்லாதீங்க. எழுதுங்க, படிச்சுக்கறேன். நேர்ல நீங்க அப்பா, பயந்து பயந்து சொல்வீங்க. பத்திரிகையிலதான் உண்மை பேசுவீங்க."

அந்தச் சமயத்தில் சோதனைக்கு வந்த வண்டிதான் நீங்கள் கேட்கிற வண்டி. அருமையான வண்டி, ஒரு குறையைத் தவிர. பின் பிரேக்குக்கு எண்ணெய் கொண்டுபோகிற குழாய், சைலன்சரை ஒட்டினாற்போல் ஓடியது. நீளமான இறக்கத்தில் பின் பிரேக்கை மிதித்தபடியே வந்தால் எண்ணெய் கொதித்துவிடும். மிதி கடைசிவரை இறங்கும், பிரேக் இருக்காது. சற்று நேரம் நிறுத்திவைத்தால் சூடு தணிந்து, இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்கிற மாதிரி பிரேக் திரும்பி வந்துவிடும். எனக்கு அது மலைப்பாதையின் கீழ்க்கோடி வளைவில் நடந்தது. அங்கே வழிக்கு ஓரமாக மணல்மேடு. அதில் போய்ச் சொருகினேன். முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான்.

எங்கள் அலுவலக மெக்கானிக் குழாயைக் கழற்றிப் பார்த்தார். ஒரு பக்கம் உருகியிருந்தது. "அண்ணே, இத மறக்காம எழுதிடுங்க. யாராவது மாட்டிக்கப் போறாங்க," என்றார். எழுதுகிறேன் என்றேன்.

எழுதுவதற்குத்தான் உட்கார்ந்தேன். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்து அறையில் வாலு பெட்டி அடுக்குகிற சத்தம். அந்த மணல்மேடு ஞாபகத்துக்கு வந்தது. ஒரு தோள்பட்டை எலும்பு. மிஞ்சிப்போனால் ஒரு மணிக்கட்டு. எனக்கு இரண்டும் உடைந்து கூடியிருக்கின்றன. ஆனால் டீம்காரர்கள் எலும்பு கூடும்வரை காத்திருக்க மாட்டார்கள். வேறு ஆளைப் பிடித்துக்கொள்வார்கள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போய்விடும், பெண் வீட்டோடு இருப்பாள்.

பிரேக் குழாயைப் பற்றி எழுதவில்லை. அது மட்டும் போதாது என்று எனக்குத் தெரியும். அவள் விரல்கள் முன் பிரேக்கில்தானே இருக்கும். அதனால் ஒரு வரி சேர்த்தேன். 'இந்த வண்டியில் இறங்கும்போது பழைய பாடங்களை மறந்துவிடுங்கள்; முன் பிரேக்கைத் தொடவே வேண்டாம், பின் பிரேக் ஒன்றே கைபிடித்து இறக்கிவிடும்.' நான் எழுதியதிலேயே நல்ல வரி என்று ஆசிரியர் பாராட்டினார்.

இதழ் வந்ததும் மெக்கானிக் கேட்டார். "என்னண்ணே, அத விட்டுட்டீங்க?" கம்பெனிக்குச் சொல்லிவிட்டேன், சரிசெய்துவிட்டார்கள் என்றேன். என் வாயிலிருந்து வந்ததால் நம்பினார். அவர்தான் இப்போது உங்களிடம் வந்து சொல்லியிருப்பார். அவர்மேல் வருத்தமில்லை, அவருக்கும் பிள்ளைகள் உண்டு.

வாலு அந்தப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டே வந்தாள். "பழைய பாடத்த மறக்கணுமா? யாரு, என் அப்பாவா சொல்றது?" என்று கேலி பண்ணினாள். "வண்டிகள் மாறிடுச்சும்மா," என்றேன். அந்த வாரமே வாங்கினாள்.

முதல்தடவை மலைக்குக் கொண்டுபோன காலையில் நானும் போனேன். மார்புக் கவசத்தின் வாரை நான்தான் இறுக்கினேன். கழுத்துப் பட்டை குத்துகிறது, வேண்டாம் என்று அடம்பிடித்தாள், வற்புறுத்திப் போட்டுவிட்டேன். ஹெல்மெட்டை இரண்டு தரம் ஆட்டிப் பார்த்தேன். கெட்ட எண்ணம் உள்ளவன் இதையெல்லாம் செய்வானா, நீங்களே சொல்லுங்கள். அப்புறம் முதலுதவிப் பெட்டியோடு கீழ்க்கோடி வளைவுக்குப் போய் மணல்மேட்டின் பக்கத்தில் நின்றுகொண்டேன். முந்தின நாளே வந்து அதிலிருந்த கற்களைப் பொறுக்கிப் போட்டிருந்தேன்.

எஞ்சின் சத்தம் மேலிருந்து இறங்கி வந்தது. ஒரே சீராக, அழகாக வந்தது. நான் ஓட்டினதைவிட எவ்வளவோ வேகம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. வேகம் கூடினால் சூடும் சீக்கிரம் ஏறும். எனக்குக் கடைசி வளைவில் போன பிரேக் அவளுக்கு அதற்கு முன்பே போய்விடும். என்னைவிட அவள் நன்றாக ஓட்டுவாள் என்பதை ஊரே சொல்லியிருந்தது. நானே எழுதியிருக்கிறேன். அதை மட்டும் நான் யோசிக்கவில்லை.

முந்தின வளைவில் மணல் கிடையாது. பாறை.

அவளைத் தூக்கும்போது அவள் பேசினாள். "கால் எங்கப்பா?" என்று கேட்டாள். இருக்கிறது என்று தொட்டுக் காட்டினேன். தொட்டது அவளுக்குத் தெரியவில்லை.

கூட வந்திருந்த பையன்கள் வண்டியை நிமிர்த்திப் பிரேக்கை மிதித்துப் பார்த்தார்கள். அதற்குள் சூடு தணிந்திருந்தது. பிரேக் கல்லு மாதிரி இருந்தது. மருத்துவமனையில் கேட்டவர்களிடமெல்லாம் அவள் ஒன்றையே சொன்னாள். "வண்டி மேல தப்பில்ல. அப்பா ஓட்டிப் பார்த்து எழுதின வண்டி அது. நான்தான் பெடல்ல கால் சரியா வைக்கல." அப்படி அவளே சொன்ன பிறகு யார் வண்டியைச் சோதிப்பார்கள்? நான் அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டேன். பார்க்கப் பார்க்க அவளுக்கு வருத்தமாக இருக்குமே என்றுதான்.

அதன் பிறகு நான்தான் எல்லாம். தலை வாரிவிடக் கற்றுக்கொண்டேன். இப்போது பின்னவும் தெரியும். தூக்கி நாற்காலியில் உட்காரவைத்து, ஜன்னலோரம் தள்ளிக்கொண்டு போவேன். சொன்னால் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது மேடம், எனக்கு அவை நல்ல வருஷங்கள். சாயங்காலமானால் வீட்டில் இருவர் இருப்போம். ஒன்றாகச் சாப்பிடுவோம்.

ஒரே ஒரு கஷ்டம். நன்றாகப் பேசிக்கொண்டிருப்பவள் திடீரென்று நிறுத்திவிடுவாள். கண்ணை மூடிக்கொள்வாள். அவள் மறுபடியும் அந்த மலையில் இறங்கிக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். "நான் மிதிச்சேன்தானேப்பா? மிதிச்ச மாதிரிதான் ஞாபகம். இல்ல, மிதிக்கலையா?" ஒவ்வொரு வளைவாகச் சொல்லிச் சொல்லிக் கேட்பாள். எங்கே தவறினோம் என்று தேடித் தேடி மாய்ந்துபோவாள். சில நாள் உணர்ச்சியே இல்லாத அந்த வலது காலைக் கையால் ஓங்கி அடிப்பாள். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆனைக்கும் அடி சறுக்கும்மா, உன்னை யாரும் குத்தம் சொல்லல," என்பேன். அவள் என் தோளில் சாய்ந்து அழுவாள். அழட்டும், பாரம் குறையும் என்று விட்டுவிடுவேன்.

அந்தச் செவிலியரைப் பற்றிக் கேட்டீர்கள். மலைக் குடியிருப்புகளுக்குத் தடுப்பூசி எடுத்துப் போகிறவர், அதே வண்டி, அதே மாதிரி இறக்கம், உயிர் போய்விட்டது. அவர் மனைவி உங்களிடம், "நல்ல வண்டின்னு படிச்சுப் படிச்சுச் சொன்னாரே," என்று அழுததாகச் சொன்னீர்கள். கேட்கவே கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வரியை நான் அவருக்காக எழுதவில்லை. அவரைப் போல ஒருவர் படிப்பார் என்று அப்போது தோன்றவே இல்லை. பேனாவை எடுத்தபோது என் கண்ணுக்கு முன்னால் இருந்த வாசகி ஒருத்திதான்.

இவ்வளவுதான் நடந்தது. பிரேக் போகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன். அவள் விழ வேண்டும் என்பதற்காகவே எழுதினேன். இதை நீங்கள் எப்படி எழுதினாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றே ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இது அவள் காதுக்குப் போகக் கூடாது. போனால்தான் தப்பு தன்னுடையதில்லை என்று அவளுக்குத் தெரியும் என்கிறீர்கள். சரிதான். ஆனால் அதற்கப்புறம் அவள் இந்த வீட்டில் ஒரு நாள் இருப்பாளா? என் கையால் ஒரு வாய்ச் சோறு வாங்குவாளா? நடக்க முடியாத பெண் எங்கே போவாள், யார் வைத்துப் பார்ப்பார்கள்? எனக்காகக் கேட்கவில்லை மேடம். அவள் மனசு நோகிற மாதிரி ஒரு காரியத்தை நான் இன்றுவரை செய்ததில்லை.