நூஹுவின் ஏழாவது கம்பி

பொழுதுபட்டு, மஹ்ரிப் பாங்கு சொல்லி ஓய்ந்த நேரம். மருதமுனையிலிருந்து பெரியநீலாவணைக்குப் போகும் கடற்கரைப் பாதை. ஒரு சைக்கிள்கூட இல்லை... விளக்கைக் கொஞ்சம் குறையுங்கள், கண் கூசுகிறது. அந்தப் பாதையோரத்தில்தான் நூஹுவின் லவுட்ஸ்பீக்கர் கடை. நூஹு என் கூட்டாளி அதாவுல்லாவின் மச்சான். ஆகவே இது பொய்யில்லை.

ஐம்பத்தேழு வெள்ளத்துக்கு முந்திய வருஷம். பெரியநீலாவணைக் கனகரெத்தினத்திடம் மின்சாரக் கிற்றார் ஒன்று இருந்தது. மின்சாரம்தான் இல்லை, பற்றரியில் பாடும். ஆறு கம்பியோடு ஏழாவதாக ஒரு தடித்த கம்பியும் போட்டிருந்தார். உருக்குக் கம்பிமேல் செம்புக் கம்பியை நெசவு ராட்டில் சுற்றியெடுத்தது. தட்டினால் காதுக்கு முன் வயிற்றில் கேட்கும். கல்யாண வீட்டார் எல்லோரும் அவரையே கூப்பிட்டார்கள். நூஹுவும் வாசிப்பான்... ஒருவரும் கூப்பிடுவதில்லை.

ஒருநாள் அந்தக் கிற்றார் பழுதுபார்க்கக் கடைக்கு வந்தது. தடித்த கம்பியைத் தாங்கும் கட்டையை நூஹு ஒரு நெல்லளவு முன்னுக்குத் தள்ளிவிட்டான். வெறுங் கம்பியைத் தட்டினால் சுதி சரி. விரலை வைத்து மேலே ஏற ஏறப் பிசகும்.

சாய்ந்தமருதுக் கல்யாணப் பந்தலில் பிசகியது.

"அண்ணே, கண்டுக்குட்டியத் தொலைச்ச எருமையையும் கூட்டிட்டா வந்தீங்க?" என்றது ஒரு குரல். பந்தலே சிரித்தது. கூடச் சிரித்தவன் நூஹு. கனகரெத்தினம் அவனைப் பார்த்தார். கட்டையைப் பார்த்தார். கிற்றாரை அவன் மடியில் வைத்துவிட்டுக் கடல் பக்கம் நடந்தார். மறுநாள் அவர் தோணி மட்டும் கரைக்கு வந்தது.

பிறகு கல்யாண வீட்டார் நூஹுவைக் கூப்பிட்டார்கள். முதல் வாசிப்புக்கு முந்திய மாலை, அதாவுல்லா விளக்குப் பிடிக்க, நூஹு கட்டையைப் பழைய இடத்துக்கே நகர்த்தினான். வெறுங் கம்பி சரி. நடுவில் விரல் வைத்தால்... சுதி மேலே நிற்கிறது.

நூஹு நெசவுகாரர் வீட்டுப் பிள்ளை. தறியில் பாவு நூல் தொய்ந்தால் இறுக்கு, அவ்வளவுதான் அவனுக்குத் தெரியும். இறுக்கினான். கிற்றாரின் கழுத்து வில்லாக வளைந்தது. பிசகு போகவில்லை.

"இறுக்கிச் சரிவராது மச்சான். கட்டையப் பின்னுக்குத் தள்ளு."

"நீ விளக்கப் புடி. இறுக்கிறது எப்படியெண்டு எனக்குப் படிப்பிக்காத."

சொன்னானே தவிர, தள்ளினான். இன்னும் தள்ளினான். கட்டை பலகையின் ஓரத்துக்கே வந்துவிட்டது. சுதி இறங்கவில்லை.

அப்போது உப்பு வாடை. வெளியே ஈர மணலை மிதிக்கும் சத்தம்... சரக்... சரக்...

"நீளம் காணாது தம்பி. இன்னும் பின்னுக்கு."

கனகரெத்தினத்தின் குரல். விளக்கு அணைந்தது. இருட்டில் கம்பி முறுக்கும் சாவி திரும்பியது. கிறீச்... கிறீச்...

அதாவுல்லா தீக்குச்சி கிழித்தான். கிற்றார் ஒரு சுவரில். நூஹு எதிர்ச் சுவரில். தடித்த கம்பி கட்டையைத் தாண்டி, அறையைக் கடந்து, நூஹுவின் தொண்டைக்குள் போயிருந்தது. முடிச்சு இல்லை. இரத்தம் இல்லை. துணிக்குள் நூல் போவதுபோல... அதாவுல்லாவும் பாட்டுக்காரன்தான், கை சும்மா இருக்கவில்லை. கம்பியின் நடுவில் விரல் வைத்துத் தட்டினான். சுதி அச்சொட்டாக இருந்தது.

அயலார் ஓடிவந்து குறட்டால் வெட்டி எடுத்தார்கள். நூஹு சாகவில்லை. கதை பேச்சுத்தான் இல்லை. வாயைத் திறந்தால் அந்த அடிச் சுரம் ஒன்றே வரும். பெண்சாதி றுகையா, "சோறு போடவா?" என்று கேட்டாலும் ம்ம்ம்ம்... ஓம் என்பதும் அதுதான், வேணாம் என்பதும் அதுதான்.

கிற்றாரை அதாவுல்லா அன்றே எரித்துவிட்டான். இந்தக் கரையில் வேறு ஏழு கம்பிக் கிற்றார் கிடையாது. ஆனாலும் மஹ்ரிப் முடிந்ததும் நூஹுவின் படலைக்கு வெளியே யாரோ வந்து, "தம்பி, சுதி தா" என்கிறார். நூஹு வாயைத் திறக்கிறான். வெளியே சாவி திரும்புகிறது... மெதுவாக... கிறீச்...

சுதி சேரும் வரைக்கும் அவனால் வாயை மூட முடிவதில்லை. சில நாள் விடியச் சுபஹு பாங்கு வரையும் போகும்.