பெகாயிமுக்குத் தலைவலி இருந்ததில்லை

என் பெயர் கென்ஜெகுல் தொக்தொசுனோவா. வயது நாற்பத்தேழு. கணவர் பெயர் ஷர்ஷென், ஆடு மேய்ப்பவர். நாரின் வட்டாரம், சாரி-பெல் கிராமம், பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இரண்டாவது வீட்டில் குடியிருக்கிறேன். முன்பு செவிலியாக இருந்தேன். பதினோரு ஆண்டுகளாகக் குடும்ப உதவி மையத்தில், மனம் நொந்துபோன பிள்ளைகளை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் பணியில் இருக்கிறேன். மார்ச் மாதம் 9ஆம் தேதி காலை பத்து மணிக்கு காவல் நிலையத்தில் லெப்டினன்ட் உசேனோவ் முன்பாக இதைச் சொல்கிறேன். என்னை யாரும் வரச் சொல்லவில்லை. என்னோடு வேலை பார்க்கும் ஐபெரி என்ற பெண்ணின் மீது வந்திருக்கும் புகார் பொய் என்பதாலும், மருத்துவமனையில் இருக்கும் பெகாயிம் என்ற பதினான்கு வயதுப் பிள்ளையை வருகிற வியாழக்கிழமை வீட்டுக்கு அனுப்பிவிடப் போகிறார்கள் என்பதாலும் நானே வந்தேன்.

சென்ற அக்டோபரில் பள்ளிக்கூடத்திலிருந்து மையத்துக்கு ஒரு கடிதம் வந்தது. எட்டாம் வகுப்பில் படிக்கும் பெகாயிம் யாரோடும் பேசுவதில்லை, மதியம் கொண்டுவரும் ரொட்டியை அப்படியே திருப்பிக் கொண்டுபோகிறாள் என்று எழுதிய வகுப்பாசிரியை, கடைசி வரியில் "நடிப்பாகவும் இருக்கலாம்" என்று சேர்த்திருந்தார். அதன் பிறகு நான் அந்த வீட்டுக்குப் போனேன். வீட்டில் தாய் மைராம், பெகாயிம், ஆறு வயதில் ஒரு தங்கை. தகப்பன் ரஷ்யாவுக்குக் கட்டட வேலைக்குப் போய் நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அங்கே அவனுக்கு இன்னொரு குடும்பம் ஆகிவிட்டது என்பது ஊருக்கே தெரியும், அந்த வீட்டில் மட்டும் அதைப் பற்றிப் பேச்சே கிடையாது. மைராம் விரிப்பை விரித்து ரொட்டியும் வெண்ணெயும் வைத்தாள். என் கிண்ணம் காலியாகக் காலியாகப் பெகாயிம் தேநீர் ஊற்றினாள். நான் பெகாயிமிடம் கேட்ட கேள்விக்கெல்லாம் மைராம்தான் பதில் சொன்னாள். "அவளுக்கு என்னக்கா கொறை? திங்கிறா, தூங்குறா. மூஞ்சியத்தான் தூக்கி வெச்சுக்குவா. அப்பன் மாதிரியே அழுத்தக்காரி" என்றாள். அன்று ஏழு கிண்ணம் தேநீர் குடித்ததைத் தவிர நான் ஒன்றும் செய்யவில்லை.

அதன் பிறகு இரண்டு முறை போயும் அதே தேநீர், அதே பதில். நவம்பர் இருபதாம் தேதி போனபோது விரிப்பின் முன் உட்காராமல், ரொட்டியில் ஒரு துண்டு மட்டும் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, பெகாயிம் எங்கே என்று கேட்டு நேராக மாட்டுக்கொட்டிலுக்குப் போய்விட்டேன். மைராமுக்கு அது பிடிக்கவில்லை. "எங்க வீட்டுத் தேத்தண்ணி கசக்குதோ" என்று என் முதுகுக்குப் பின்னால் சொன்னது கேட்டது. பெகாயிம் குளிர்காலத்துக்கான வறட்டிகளைச் சுவரோரம் அடுக்கிக்கொண்டிருந்தாள். நானும் எடுத்துக் கொடுத்தேன். இரண்டு வரிசை அடுக்கி முடித்தோம். அதன் பிறகு அவள் என் முகத்தைப் பார்க்காமல், "எனக்கு வாழப் பிடிக்கலக்கா" என்றாள். "எவ்ளோ நாளா?" என்றேன். "அறுப்புக்கு முன்னாடியிருந்து" என்றாள். அம்மாவிடம் சொன்னாயா என்று கேட்டதற்கு, "சொன்னேன். நடிக்காதடீன்னாங்க. டீச்சரும் அதத்தான் சொன்னாங்க. நீங்க யார்கிட்ட வேணும்னாலும் சொல்லிக்கோங்க. ஆனா பொய்யின்னு மட்டும் நெனைக்காதீங்க" என்றாள். நம்புகிறேன் என்று சொன்னேன். நம்பவும் செய்தேன்.

அன்று மாலை மையத்துக்கு வந்து, வீட்டுப் பார்வைத் தாளில் பிள்ளையின் நிலை என்ற இடத்தில் "அடிக்கடி தலைவலி" என்று எழுதினேன்.

ஏன் அப்படி எழுதினீர்கள் என்று அதிகாரி கேட்டார். அவரும் இந்த மலையில் பிறந்தவர்தான், காரணம் அவருக்குத் தெரியாமல் இருக்காது, ஆனாலும் சொல்கிறேன். எங்கள் தாளில் அந்த மாதிரி வார்த்தை ஒன்று விழுந்தால் அந்தத் தாள் மாவட்ட மனநல மருத்துவரிடம் போகும், அவருடைய பதிவேட்டில் பெயர் ஏறும். ஏறிய பெயர் இறங்கி நான் பார்த்ததில்லை. என் தம்பியின் பெயர் பத்தொன்பது வயதில் ஏறியது. படைப் பணி முடிந்து வந்தவன் மூன்று வாரம் சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடந்தான், அவ்வளவுதான், அதன் பிறகு எழுந்து வேலைக்குப் போனான். ஆனால் அவனுக்கு ஓட்டுநர் உரிமம் கொடுக்கவில்லை. நாங்கள் போட்டு வந்த நிச்சயத் தோட்டைப் பெண் வீட்டார் ஒரு கைக்குட்டையில் முடிந்து திருப்பி அனுப்பினார்கள். இன்று அவனுக்கு நாற்பத்தொரு வயது, இன்னும் என் வீட்டுப் பின்னறையில் இருக்கிறான்.

ஆகவே மையத்தில் உள்ள நாங்கள் நான்கு பெண்களும் ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு எங்களுக்குள் பேசி ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். வயிற்றுவலி என்றால் வீட்டில் அடி. கண் எரிச்சல் என்றால் குடிக்கும் தகப்பன். தலைவலி என்றால் பிள்ளைக்கு உயிர் மேல் பிடிப்பு விட்டுப்போய்விட்டது, வாரம் தவறாமல் போய்ப் பார்க்க வேண்டும், நகரத்திலிருந்து மாதம் ஒருமுறை வரும் மருத்துவரிடம் வாயால் சொல்ல வேண்டும், எழுதக் கூடாது. மையத்தின் இயக்குநருக்கு இது தெரியுமா என்று அதிகாரி கேட்டார். ஒருமுறை அவர் தாள்களைப் புரட்டிவிட்டு, "உங்க ஊர்ப் பிள்ளைங்களுக்கு மட்டும் எப்படிம்மா இவ்ளோ தலைவலி, எல்லாருக்கும் கண்ணாடி வாங்கிக் குடுங்க" என்று சொல்லிச் சிரித்தார். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. இந்த வழக்கத்தால் பல பிள்ளைகள் பெயர் கெடாமல் தேறியிருக்கிறார்கள். எனக்கு அதில் பெருமைகூட இருந்தது.

அதன் பிறகு வாரந்தோறும் போனேன். பெகாயிம் என்னோடு பேசினாள், வீட்டில் பேசவில்லை. டிசம்பரில் ஒருநாள் தன் தங்கை பசுவுக்குக் கம்மல் மாட்டப் பார்த்ததைச் சொல்லிச் சிரித்தாள். நகரத்து மருத்துவர் டிசம்பரில் வரவில்லை, ஜனவரியில் கணவாய் பனியால் மூடிக்கொண்டது, பிப்ரவரியிலும் அவர் வரவில்லை. பிப்ரவரி பன்னிரண்டாம் தேதி பித்தப்பைக் கல்லுக்காக எனக்கு அறுவை சிகிச்சை நடந்தது. போவதற்கு முன்பு என்னிடமிருந்த முப்பத்தொரு பிள்ளைகளின் தாள்களையும் ஐபெரியிடம் ஒப்படைத்தேன். ஐபெரிக்கு இருபத்திரண்டு வயது, தலைநகரத்தில் படித்து முடித்து ஜனவரியில்தான் வேலைக்குச் சேர்ந்தாள். எந்த வீட்டில் நாய் கடிக்கும், எந்த வீட்டில் மாமனார் முன் சத்தமாகப் பேசக் கூடாது என்பதெல்லாம் சொன்னேன். தலைவலி என்றால் என்ன என்பதை மட்டும் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று இங்கே சொன்னால் எனக்கு வசதியாக இருக்கும், ஆனால் மறக்கவில்லை. படித்த பெண், சட்டம் பேசுவாள், உள்ளதை உள்ளபடி எழுதிவிடுவாள் என்று பயந்தேன். மூன்று வாரம்தானே, வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

பிப்ரவரி இருபத்தாறாம் தேதி நடந்ததை நான் நேரில் பார்க்கவில்லை. ஐபெரி சொன்னதையும் பெகாயிம் சொன்னதையும் வைத்துச் சொல்கிறேன், இரண்டும் ஒத்துப்போகின்றன. ஐபெரி அந்த வீட்டுக்குப் போனாள், விரிப்பின் முன் உட்கார்ந்தாள், தேநீர் குடித்தாள், தாளைப் பார்த்து, "தலைவலி இப்ப எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டாள். பெகாயிம், "என்ன தலைவலி?" என்றாள். "நவம்பர்லேர்ந்து உனக்குத் தலைவலின்னு அக்கா எழுதியிருக்காங்களே" என்று சொல்லி ஐபெரி தாளைக் காட்டினாள். பிள்ளையிடம் எதையும் மறைக்கக் கூடாது என்று அவளுக்குக் கல்லூரியில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பெகாயிம் பதின்மூன்று வாரத் தாள்களையும் ஒவ்வொன்றாகப் படித்தாள். எல்லாவற்றிலும் என் கையெழுத்தில் தலைவலி என்றே இருந்தது. படித்து முடித்து, தாள்களைத் தட்டி ஒழுங்காக அடுக்கித் திருப்பிக் கொடுத்து, "இப்ப விட்டுடுச்சு" என்றாள். மைராம், "நான்தான் சொன்னேனே, இவளுக்கு ஒண்ணும் இல்ல" என்றாள். ஐபெரி தாளில் "குணமடைந்தது" என்று எழுதி, வாரம் ஒருமுறை என்பதை மாதம் ஒருமுறை என்று மாற்றினாள். தலைவலிக்கு வேறு என்ன எழுத முடியும்? அந்த இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பார்கள்.

மார்ச் முதல் தேதி காலையில் பெகாயிம் தண்ணீர் எடுக்கப் போவதாகச் சொல்லி ஆற்றுக்குப் போனாள். குதிரைகளை ஓட்டிக்கொண்டு வந்த குபத் என்பவர் அவளைத் தண்ணீரிலிருந்து இழுத்துக் கரையில் போட்டார். அவர் தம் வாக்குமூலத்தில், கரையில் ஒரு ஜோடி பூட்ஸ் ஒன்றையொன்று ஒட்டி நேராக வைக்கப்பட்டிருந்தது, குடம் எதுவும் இல்லை என்று சொல்லியிருப்பதாக அதிகாரி எனக்குப் படித்துக் காட்டினார். மைராம் மருத்துவமனையில், பனியில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள். பூட்ஸைப் பற்றிக் காவல் நிலையத்தில் கேட்டபோது, ஐபெரி வந்து பிள்ளையை ஏதோ சொல்லிப் பயமுறுத்திவிட்டாள் என்று புகார் கொடுத்திருக்கிறாள். ஐபெரியை வேலையிலிருந்து நிறுத்திவைத்திருக்கிறார்கள்.

அதன் பிறகு மார்ச் ஆறாம் தேதி, தையல் பிரித்த மறுநாள், நான் மருத்துவமனைக்குப் போய்ப் பெகாயிமைப் பார்த்தேன். காய்ச்சல் இறங்கியிருந்தது, இருமல் இருந்தது. என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பவில்லை, அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"நம்புறேன்னு சொன்னீங்க" என்றாள்.

"நம்பினேன்டா."

"அப்புறம் ஏன் தலைவலின்னு எழுதுனீங்க?"

பதிவேட்டைப் பற்றியும் என் தம்பியைப் பற்றியும் தோட்டைப் பற்றியும் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். அதன் பிறகு, "எனக்குக் கல்யாணம் ஆகாதுன்னு பயந்தீங்களா?" என்றாள். ஆமாம் என்றேன். "அதுவரைக்கும் நான் இருப்பேனான்னு பயப்படலையாக்கா?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். கொண்டுபோயிருந்த ஆரஞ்சை உரித்துக் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டாள், சாப்பிடவில்லை. வெளியே வந்து மருத்துவமனைச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

நேற்று, மார்ச் எட்டாம் தேதி, நான் இங்கே வரப்போகிறேன் என்று யாரோ சொல்லி மைராம் என் வீட்டுக்கு வந்தாள். நான் விரிப்பை விரித்தேன், இங்கே சொல்லப்போவதை எல்லாம், எங்கள் தாள் வழக்கம் உட்பட, அவளிடம் சொன்னேன். அவள் ரொட்டியைத் தொடவில்லை. "அக்கா, வழுக்கி விழுந்தான்னே இருக்கட்டும். வியாழக்கெழம வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடுவேன், நான் பாத்துக்குறேன். எனக்கு ரெண்டும் பொண்ணு. ஒருத்தி பேரு ஏறுனா ரெண்டு பேரு வாழ்க்கையும் போச்சு" என்றாள். வீட்டில் பகல் முழுவதும் யார் இருப்பார்கள் என்று கேட்டேன். கன்று ஈனும் காலம், அவள் இனிமேல் பால் பண்ணைக்கு விடியுமுன் போனால் இருட்டித்தான் திரும்புவாள். ஆறு எவ்வளவு தூரம் என்றும் கேட்டேன். அவள் எழுந்து நின்று, "ஒம்பது வருஷமா மூடி மூடி எழுதுன கைதானே. இன்னும் ஒரு தாள் எழுத மட்டும் வலிக்குதா?" என்றாள். அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அவள் மேல் எனக்குக் கோபமும் இல்லை. என் தம்பியின் பெயரை எடுக்கச் சொல்லி என் அம்மாவும் இப்படித்தான் வாசல் வாசலாக நின்றாள்.

பெகாயிம் வழுக்கி விழவில்லை. ஐபெரி அவளைப் பயமுறுத்தவில்லை. பிள்ளை என்னிடம் உண்மையைச் சொன்னாள், அது வெளியே போகாமல் நான் தடுத்தேன். இதற்காக என் வேலை போனாலும் வழக்கு வந்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். வியாழக்கிழமை அவளை அந்த வீட்டுக்கு அனுப்பாமல், நகரத்து மருத்துவர் பார்க்கும் வரை மருத்துவமனையிலேயே வைத்திருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நான் சொன்னதை அதிகாரி எழுதி எனக்குப் படித்துக் காட்டினார். நவம்பர் இருபதாம் தேதி பிள்ளை சொன்னது வரும் இடத்தில், "தனக்கு உடல்நலம் சரியில்லை என்று தெரிவித்தாள்" என்று இருந்தது. நான் அப்படிச் சொல்லவில்லையே என்றேன். அவர் பேனாவை மூடிவிட்டு, "தெரியும்க்கா. நீங்க சொன்னத எழுதிட்டா இந்தத் தாளே அவ பேர ஏத்திடும். எனக்கும் பொண்ணு இருக்கு. இப்படியே விட்டா ஐபெரிக்கும் ஒண்ணும் ஆகாது" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். அந்த வரியை அடித்துவிட்டு, அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுங்கள் என்று நான் கேட்டுக்கொண்டேன். முதல் பக்கத்தில் அந்த வரி அடிக்கப்பட்டு, மேலே "எனக்கு வாழப் பிடிக்கலக்கா" என்று எழுதப்பட்டிருக்கிறது. அது திருத்தம்தான், பிழையல்ல என்பதற்கு அதன் பக்கத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மற்றபடி இதில் உள்ளதெல்லாம் நான் சொன்னதே, நடந்ததே என்று ஒப்புக்கொண்டு கீழேயும் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) கென்ஜெகுல் தொக்தொசுனோவா