விரிசலுக்குக் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டு

இந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை, மேடம். குறையாகச் சொல்லவில்லை. எனக்கு முன்னால் இதில் உட்கார்ந்து பேசியவர்கள் எல்லாரும் ஆடிக்கொண்டேதான் பேசியிருப்பார்கள், பாவம். நீங்களும் அதைப் பயம் என்று நினைத்திருப்பீர்கள். ஓர் அட்டையை மடித்துக் காலுக்கடியில் செருகிவிட்டேன். இனி ஆடாது.

கேள்விக்கு வருகிறேன். ஏன் என்று கேட்டீர்கள். என் தங்கை வீட்டு இடிபாட்டில் ஒரு கண்ணாடித் துண்டு கிடைத்தது, அதன் ஓரத்தில் ஒட்டியிருந்த சாந்து மிகப் புதிது என்று எங்கள் அதிர்வுக்காரர் உங்களிடம் சொல்லியிருக்கிறார். அவர் சொன்னது சரி. நல்ல மனிதர், கண்ணும் கூர்மை. அவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் ஏன் என்பதற்கு அவரால் பதில் சொல்ல முடியாது. அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். பொறுமையாகக் கேளுங்கள், நானும் நிதானமாகவே சொல்கிறேன்.

எங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் நான்கு துறைக்காரர்களை ஒரே மாடியில் போட்டிருந்தார்கள். இடப் பற்றாக்குறைதான் காரணம். வெளியே கேட்டால் கூட்டு ஆராய்ச்சி என்பார்கள். நான் கணிதம். கட்டடச் சுவர்களின் அசைவை அளக்கிற இயற்பியல்காரர் ஒருவர், அவர்தான் அதிர்வுக்காரர். வீட்டு விலைகளை ஆராய்கிற பொருளாதார அம்மையார் ஒருவர். அவரை வீட்டுக்காரம்மா என்று கிண்டல் செய்வோம், ஏனென்றால் ஊரில் உள்ள வீட்டு விலையெல்லாம் அவர் விரல் நுனியில் இருக்கும், அவர் இருப்பது வாடகை வீட்டில். நான்காமவர் பயிர்க்காரர். எந்தச் செடி நோயைத் தாங்கும், எது தாங்காது என்று கண்டுபிடிப்பது அவர் வேலை.

பயிர்க்காரர் ஒருநாள் தேநீர் அறையில் சொன்னார்: "ஒரு செடி பச்சையா நிக்குதுன்னா அது கெட்டிக்காரச் செடின்னு நெனைக்காதீங்க சார். நோய் அது பக்கமே போகாம இருந்திருக்கும். கொண்டுபோய் விட்டாத்தான் அதோட லட்சணம் தெரியும்."

அதற்காக அவர் வயலின் ஓரத்தில், நோய்க்கு உடனே இடம் கொடுத்துவிடுகிற ரகம் ஒன்றை வரிசையாக நடுவார். அந்த ஓர வரிசைக்கு மட்டும் தன் கையாலேயே நோயைத் தெளிப்பார். மற்றதைக் காற்று பார்த்துக்கொள்ளும். கடைசிவரை நிற்கிற செடியிலிருந்து விதை எடுப்பார். மிச்ச வயலைக் கொளுத்திவிடுவார். எவ்வளவு நேர்மையான முறை என்று எனக்கு மெய் சிலிர்த்தது.

அங்கிருந்து பிறந்ததுதான் எங்கள் கணக்கு. வயலில் நோய் செடி செடியாகத் தாவுகிற மாதிரி, தெருவில் பயம் வீடு வீடாகத் தாவுகிறது. ஒரு வீடு காலியானால் பக்கத்து வீட்டின் விலை இறங்கும். விலை இறங்கினால் அவரும் இப்போதே விற்றுத் தொலைக்கலாமா என்று யோசிப்பார். எந்த வீடு எவ்வளவு தாங்கும் என்பதை ஓர் எண்ணாகவே எழுதிவிடலாம். அழகான கணக்கு, மேடம். நாலு வரிக்குள் அடங்கும். கட்டுரையாக எழுதி மாநாட்டுக்கு அனுப்பினோம். கணக்கு நன்றாக இருக்கிறது, ஆனால் எந்தத் தெருவிலாவது இதைக் கண்ணால் பார்த்தீர்களா என்று ஒரே வரியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

மற்ற மூவரும் சிரித்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. ஏதாவது ஒரு தெரு தானாகக் காலியாகும் என்று வாயைப் பிளந்துகொண்டு காத்திருக்க முடியுமா? பயிர்க்காரர் காத்திருப்பதில்லையே.

என் தங்கையின் தெருவைத் தேர்ந்தெடுத்ததில் உள்நோக்கம் எதுவும் இல்லை. எனக்கு நன்றாகத் தெரிந்த தெரு அது ஒன்றுதான். சுவருக்குச் சுவர் ஒட்டிய பழைய வீடுகள். எல்லா வீட்டிலும் சுவரில் மயிரிழை போல ஒரு விரிசலாவது இருக்கும். வீடு கட்டிய காலத்திலிருந்து இருக்கிற, இனி விரியாத, உயிரில்லாத விரிசல்கள். அந்த மாதிரி விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றைச் சாந்து வைத்து ஒட்டுவது அதிர்வுக்காரரின் வழக்கம். சுவர் துளி நகர்ந்தாலும் கண்ணாடி உடைந்துவிடும். உடையாதவரை நிம்மதியாகத் தூங்கலாம். அவர் அலமாரியிலிருந்து ஒரு பெட்டி நிறையத் துண்டுகளை எடுத்துக்கொண்டேன். கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்.

வீடு வீடாக என்னை அழைத்துக்கொண்டு போனது என் தங்கைதான். அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. "எங்க அண்ணன். ஆராய்ச்சி நிலையத்துல பெரிய ஆளு. சுவரைப் பாக்கணுமாம், அந்த அலமாரிய கொஞ்சம் நகத்துங்களேன்" என்று ஒவ்வொரு வாசலிலும் அவளே பேசினாள். எனக்குக் கூச்சமாக இருந்தது. சின்ன வயதிலிருந்தே அவள் அப்படித்தான். நான் பரீட்சையில் முதலாவதாக வந்தால் தெரு முழுக்க அவள்தான் சொல்லிவிட்டு வருவாள்.

தெருக்கோடி வீட்டில் ஒரு தையல்காரர். தும்மல் வந்தால்கூட டாக்டரிடம் ஓடுகிற ஆள். கண்ணாடியை ஒட்டி முடித்ததும் அவர் கேட்டார், "இது ஒடைஞ்சா என்ன சார் அர்த்தம்?" சுவர் நகர்ந்தால் உடையும் என்று சொன்னேன். உண்மையைத்தான் சொன்னேன். அந்தத் தெருவில் நான் சொன்ன பொய் ஒன்றே ஒன்று. அதற்கு அப்புறம் வருகிறேன்.

அடுத்த வாரம் மறுபடி பார்க்கப் போனபோது, தையல்காரர் தண்ணீர் கொண்டுவர உள்ளே போனார். என் வீட்டுச் சாவியின் முனையால் அந்தக் கண்ணாடியை ஒரு தட்டுத் தட்டினேன். சத்தமே இல்லை. அவர் திரும்பி வந்ததும், இதைப் பாருங்கள் என்று மட்டும் சொன்னேன். டம்ளரோடு சுவருக்குப் பாய்ந்தார், தண்ணீர் என் சட்டையில் கொட்டியது. அந்த வாரமே குடும்பத்தை மாமனார் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

அவ்வளவுதான் நான் விதைத்தது. யாரையும் போகச் சொல்லவில்லை, யாரையும் மிரட்டவில்லை. தையல்காரருக்கு அடுத்த வீடு, அதற்கு எதிர் வீடு, பிறகு இரண்டு தாண்டி ஒன்று என்று கணக்கு சொன்ன வரிசையிலேயே காலியானது. செத்தாலும் இங்கேதான் என்று நெஞ்சை நிமிர்த்திய பஸ் டிரைவர்கூட, பக்கத்து வீட்டுச் சாமான்கள் வண்டியில் ஏறியதைப் பார்த்துவிட்டு மறுநாளே வீட்டை வந்த விலைக்குத் தள்ளிவிட்டார். வீட்டுக்காரம்மா விலைச் சரிவைப் பார்த்துவிட்டு என் அறைக்கு ஓடி வந்தார். "ஏங்க, நம்ம கணக்கு நெசமாவே நடக்குதுங்க" என்றார். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமான நாள் வேறு இல்லை. அவருக்கு எதுவும் தெரியாது. எழுதிக்கொள்ளுங்கள், அவருக்கு எதுவும் தெரியாது.

அதிர்வுக்காரர்தான் கொஞ்சம் துளைத்தார். "சுவர் நகருதுன்னா அது வெளையாட்டு இல்ல. நான் ஒரு நடை வந்து பாக்கறேன்" என்றார். நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். மறுநாளும் கேட்டார். வேறு வேலை இல்லையா உங்களுக்கு என்று எரிந்து விழுந்தேன். அதன் பிறகு அவர் கேட்கவில்லை.

தெருவில் கடைசியாக நின்றது என் தங்கை வீடு. அவள், மாப்பிள்ளை, பள்ளிக்கூடம் போகிற மகள். இருபக்கமும் காலி, எதிரேயும் காலி. என் கணக்குப்படி அவர்கள் முன்பே கிளம்பியிருக்க வேண்டும். அப்படி ஒரு வீடு கிடைப்பது எவ்வளவு அபூர்வம் என்று உங்களுக்கு எப்படிச் சொல்வது? பயிர்க்காரரைக் கேட்டுப் பாருங்கள். சுற்றிலும் எல்லாம் கருகிக் கிடக்க நடுவில் ஒரே ஒரு செடி பச்சையாக நின்றால், அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து சோறு தின்பார் மனிதர்.

ஒருமுறை அவள் என் அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். "எல்லாரும் போயிட்டாங்கண்ணா. பாப்பா தனியா வெளையாடவே பயப்படறா. நீ போன்னு சொன்னா போயிடறோம், இருன்னு சொன்னா இருக்கோம்" என்றாள்.

உன் இஷ்டம்மா என்றேன். அதற்குமேல் ஒரு வார்த்தை சொன்னாலும் சோதனை கெட்டுவிடும். அவள் சிரித்துவிட்டு, "ஆபத்துன்னா நீ சொல்லாமலா இருப்ப" என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

இப்போது அந்தப் பொய்க்கு வருகிறேன்.

காலி வீடு என்றால் யாராவது கைவைப்பார்கள். பக்கத்து வீட்டின் குழாய்களை எவனோ கழற்றிக்கொண்டு போய்விட்டான். தண்ணீர் உள்ளேயே ஓடி, தரைக்கு அடியில் இறங்கி, இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவரின் அடிமண்ணைக் கரைத்துக்கொண்டிருந்தது. கணக்கில் தண்ணீருக்கு இடம் வைக்கவில்லை. அது என் பிழை, ஒப்புக்கொள்கிறேன்.

காலையில் தங்கை போன் செய்தாள். "அண்ணா, எங்க வீட்டுக் கண்ணாடி ஒடைஞ்சிருக்கு." நான் உடனே போனேன். உடனே போனேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வாசலிலேயே இரண்டு பெட்டிகள் கட்டித் தயாராக இருந்தன. கூடத்தில், இடுப்பு உயரத்துக்குச் சுவர் ஈரம் ஏறிக் கறுத்திருந்தது. கண்ணாடி இரண்டாக உடைந்து, இடையில் என் விரல் நகம் நுழைகிற அளவுக்குப் பிளந்திருந்தது. இந்த விரிசலுக்கு உயிர் இருந்தது. என்னைக் கல்நெஞ்சக்காரன் என்று யாரும் எழுதிவிட வேண்டாம். நான் பயந்தேன். அதோடு இன்னொன்றும் தோன்றியது. இவள் இப்போது கிளம்பினால், சுவரைப் பார்த்துக் கிளம்புகிறாள், ஊர் பயத்தைப் பார்த்து அல்ல. அது எனக்கு எந்தக் கணக்கிலும் உதவாது. தெரு முழுக்கக் காலியாகி, தாங்கி நின்ற ஒரே வீடும் வீணாகிவிடும். கட்டுரையை மறுபடி மாநாட்டுக்கு அனுப்ப இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது.

"பெட்டியெல்லாம் கட்டிட்டேன். நீ என்ன சொல்றியோ அதுதாண்ணா" என்றாள்.

"ஒண்ணும் இல்லம்மா. சாந்து காஞ்சா சுருங்கும், அப்ப கண்ணாடி இப்படித்தான் ஒடையும்" என்றேன்.

அதுதான் அந்தப் பொய். அவள் நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டாள். "நல்லவேளை, நான் ஒரு பைத்தியம், உன்னை அலைய வச்சிட்டேன்" என்று சொல்லி எனக்குத் தேநீர் போட அடுப்படிக்குப் போனாள். நான் சாந்து குழைத்து, உடைந்ததை எடுத்துவிட்டு, புதுத் துண்டை ஒட்டினேன். பிறகு அவள் பெட்டிகளைப் பிரித்தாள். மகளின் பள்ளிச் சீருடைகளை நானே மடித்து அலமாரியில் அடுக்கிக் கொடுத்தேன். நீ போய் வேலையைப் பார், நான் செய்கிறேன் என்று அவள் பிடுங்கப் பார்த்தாள். நான் விடவில்லை.

மறுநாள் பகலில் சுவர் விழுந்தது. மாப்பிள்ளை வேலையில் இருந்தார், குழந்தை பள்ளியில். அவள் கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். ஒட்டியது நான், தையல்காரர் வீட்டில் உடைத்தது நான், என் தங்கை வீட்டில் மறுபடி ஒட்டியதும் நான். இதில் வேறு யாருக்கும் பங்கு இல்லை. கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள்.

ஒன்றே ஒன்று மட்டும் என்னைக் காலையிலிருந்து குடைந்துகொண்டிருக்கிறது. மாப்பிள்ளை கொடுத்த வாக்குமூலத்தை நீங்கள் படித்துக் காட்டினீர்கள் அல்லவா? நான் கண்ணாடியை மாற்றிவிட்டு வந்த அன்று மாலை அவர் வேறு இடம் போய்விடலாம் என்று கெஞ்சியிருக்கிறார். அதற்கு அவள், "அண்ணனே வந்து பாத்துட்டுப் போயிருக்கான், அப்புறம் நமக்கென்ன பயம்" என்று சொல்லியிருக்கிறாள். முதலிலிருந்தே அவள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாளாம். இது எனக்குத் தெரியாமல் போய்விட்டது. அவள் தன் வலுவில் நிற்கிறாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

அதனால் ஓர் உதவி செய்யுங்கள், மேடம். வீட்டுக்காரம்மாவிடம் சொல்லி, அந்த ஒரு வீட்டை மட்டும் கணக்கிலிருந்து எடுத்துவிடச் சொல்லுங்கள். மற்ற எல்லா வீட்டுக்கும் கணக்கு சரியாகத்தான் வந்திருக்கிறது.