அரை மீட்டர் தள்ளுபடி

மதிப்பிற்குரிய விசாரணை அதிகாரி அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் அறிக்கையின் பிரதி நேற்றுத் தபாலில் வீட்டுக்கு வந்தது. நல்ல காகிதம், தெளிவான தட்டச்சு. நான்காம் பக்கத்தில் மட்டும் ஒரு தேதி தவறாக இருக்கிறது. அதைத் திருத்தும்படி கேட்கத்தான் இந்தக் கடிதம்.

தாங்கள் எழுதியிருப்பது இது: "சிக்னல் அறை எழுத்தர், தம் தங்கையின் வேண்டுகோளின் பேரில், ஜூன் 20 முதல் அலை உயரத்தை அரை மீட்டர் கூட்டிப் பதிவு செய்து வந்துள்ளார்." நான் கூட்டி எழுதத் தொடங்கியது ஜூன் 2. பதினெட்டு நாள் வித்தியாசம். சின்ன விஷயம்தானே என்று விட்டுவிடலாம். ஆனால் அந்தப் பதினெட்டு நாளால் எங்கள் வீட்டில் இப்போது பெரிய சங்கடம் ஆகிவிட்டது.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். அலைதடுப்புச் சுவரின் நுனியில் இருப்பது என் அறை. இருபத்தாறு வருடமாக அங்கே இருக்கிறேன். துறைமுக வாயிலில் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்த ஒரு கம்பம் நிற்கிறது. காலை ஆறு, பத்து, மதியம் இரண்டு, மூன்று வேளையும் தொலைநோக்கியில் அந்தக் கம்பத்தைப் பார்த்து, அலை எந்தப் பட்டை வரை ஏறுகிறது, எது வரை இறங்குகிறது என்று எண்ண வேண்டும். கணக்குப் போட்டுப் பதிவேட்டில் எழுதி, வயர்லெஸ்ஸில் சொன்னால், பைலட் அறை வாசலில் இருக்கும் கரும்பலகையில் ஏற்றிவிடுவார்கள்.

அந்த எண்ணை வைத்துத்தான் துறைமுகம் நடக்கிறது. வெளியே நங்கூரம் போட்டு நிற்கும் கப்பலை உள்ளே கொண்டுவரப் பைலட் படகில் போய், ஓடும் கப்பலின் பக்கத்தில் தொங்கும் கயிற்றேணியைப் பிடித்து ஏற வேண்டும். இரண்டு மீட்டருக்குக் கீழே என்றால் பேச்சே இல்லை, போகலாம். இரண்டிலிருந்து இரண்டரை வரை பைலட்டின் சொந்த முடிவு. அதற்கு மேல் போனால் வாயிலையே மூடிவிடுவார்கள்.

காலமான பைலட் என் தங்கையின் கணவர். இதைத் தாங்களும் முதல் பக்கத்திலேயே குறிப்பிட்டிருக்கிறீர்கள்.

எனக்கும் தங்கைக்கும் பதினான்கு வயது வித்தியாசம். அவளுக்கு ஒன்பது வயதில் அப்பாவும் அம்மாவும் ஒரே வருடத்தில் போய்ச் சேர்ந்தார்கள். தலை பின்னிவிடக் கற்றுக்கொண்டேன். கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். கல்யாணப் பேச்சு எனக்கு இரண்டு தடவை வந்தது. இரண்டு தடவையும் நானே வேண்டாம் என்றேன். அவளுக்கு நான்தான் மாப்பிள்ளை பார்த்தேன். எங்கள் துறைமுகத்திலேயே வேலை, எங்கள் குடியிருப்பிலேயே வீடு என்பதால்தான் பார்த்தேன். மூன்றாவது மாடியில் மூன்று பேரும் ஒன்றாக இருந்தோம். மாப்பிள்ளை நல்ல மனிதர். கொஞ்சம் சத்தமாகச் சிரிப்பார், அவ்வளவுதான்.

எங்கள் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் கம்பம் தெரியும். கம்பத்தைப் பார்க்கும் தொலைநோக்கியைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பினால் சமையலறை ஜன்னல் தெரியும். அலை எண்ணி முடித்ததும் ஒரு நிமிடம் திருப்பிப் பார்த்துக்கொள்வது என் வழக்கம். அடுப்பு எரிகிறதா, அவள் சாப்பிட்டாளா என்று ஒரு அக்கறைதான். இருபத்தாறு வருடத்தில் இதைத் தவறென்று யாரும் சொன்னதில்லை. யாருக்கும் தெரியாது.

ஜூன் 1 மதியம் இரண்டு மணி அளவு எடுத்த பிறகு அப்படித்தான் திருப்பினேன். மாப்பிள்ளை சாப்பாட்டுக்கு வந்திருந்தார். கையில் ஒரு காகிதம். அவள் அதை வாங்கிப் படித்தாள். இரண்டு தடவை படித்தாள். பிறகு கை தட்டினாள். அந்த ஜன்னலில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

வேறொரு பெரிய துறைமுகத்தில் அவருக்கு வேலை கிடைத்திருந்தது. ஜூலை 31 அன்று இங்கிருந்து விடுவிப்பு. என்னிடம் அதைச் சொன்னது ஜூன் 9. எட்டு நாள் தயங்கியிருக்கிறார்கள், பாவம். அன்றைக்கு அவள் என் தட்டில் சோற்றை வைத்துக்கொண்டே சொன்னாள்.

"அண்ணா, நீங்களும் எங்ககூட வந்துடுங்களேன்."

"மச்சான் எப்படி வருவார்?" என்றார் மாப்பிள்ளை. "அவர் கம்பத்தை யார் பார்த்துக்குவா? அது அழுதுடாது?"

சிரித்தோம். நானும் சிரித்தேன்.

ஜூன் 2 அன்று காலை ஆறு மணிக்கு உண்மை அளவு 0.9. பதிவேட்டில் 1.4 என்று எழுதினேன். அப்போது என் மனதில் திட்டம் எதுவும் இல்லை என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். ஆனால் இது திருத்தக் கடிதம். இதிலும் ஒரு பிழையைச் சேர்க்க நான் விரும்பவில்லை.

அன்று முதல் நாற்பத்தொன்பது நாள், மூன்று வேளையும், சரியாக அரை மீட்டர் கூட்டி எழுதினேன். ஒரு வேளை கூட அரைக்குக் கூடவுமில்லை, குறையவுமில்லை. அதில்தான் சூட்சுமம் இருக்கிறது. கண்டபடி எழுதினால் ஆளை மாற்றிவிடுவார்கள். ஒரே அளவில் தப்பாக எழுதினால் பழகிக்கொள்வார்கள்.

பழகிக்கொண்டார்கள். வாயிலுக்கு வெளியே கப்பல்கள் வரிசையாகக் காத்து நின்றதில் ஹார்பர் மாஸ்டர் மட்டும் ஒரு தடவை போனில் கத்தினார். "கடல் சும்மா படுத்துக் கிடக்கு, நீங்க என்னய்யா அதை எழுப்பி எழுப்பி எழுதுறீங்க?" கண்ணாடியை மாற்றுகிறேன் என்றேன். பைலட் அறையில் பெயரே வைத்துவிட்டார்கள். நான் உள்ளே போனால், "அரை மீட்டர் வந்தாச்சு, நாற்காலியைப் போடு" என்பார்கள். மாப்பிள்ளைதான் எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்தார்: "எங்க மச்சான் தொலைநோக்கியில அலை குட்டி போடும். அரை மீட்டர் தள்ளுபடி போக மீதியை எடுத்துக்கணும்."

அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து கேட்ட அன்று, ஜூன் 17, பாதி வேலை முடிந்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.

தங்கை வேண்டிக்கொண்டது அதற்கும் மூன்று நாள் கழித்து. காற்று பலமாக இருந்தது. நான் டூட்டிக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். "அண்ணா, இந்த ஒரு மாசம் கொஞ்சம் கூட்டியே எழுதுங்களேன். அவர் வீட்டுலயே இருந்துட்டுப் போகட்டும். ஊருக்குக் கிளம்புற நேரத்துல எனக்குப் பயமா இருக்கு." பாதி விளையாட்டாகத்தான் சொன்னாள். "சரிம்மா" என்றேன். தங்கள் முன் சாட்சி சொன்னபோது அவள் அழுதுகொண்டே சொன்னது இதைத்தான். தாங்களும் அந்தத் தேதியை எழுதிக்கொண்டீர்கள். தங்கள் மேல் குறை இல்லை. என்னிடம் கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை.

பிறகு காத்திருக்க வேண்டியிருந்தது. எனக்குத் தேவைப்பட்டது இரண்டுக்கும் இரண்டரைக்கும் நடுவில் ஒரு கடல். அதிலும் நீண்ட அலையாக இருக்க வேண்டும். குட்டை அலை நுரைக்கும், யார் கண்ணுக்கும் தெரியும். நீண்ட அலை வழுவழுப்பாக வரும். படகில் இருப்பவருக்கு ஏதோ தூளியில் ஆடுவது மாதிரி இருக்கும். கப்பல் பக்கத்தில் போய் நின்றால்தான் அது எவ்வளவு தூக்கி எவ்வளவு இறக்குகிறது என்று தெரியும்.

ஜூலை 8 அன்று அப்படி ஒரு கடல் வந்தது. உண்மை அளவு 2.2. ஆனால் அன்றைக்கு டூட்டி வேறு பைலட்டுக்கு. அவருக்கு இரண்டு குழந்தைகள். எனக்கும் அவருக்கும் ஒரு மனத்தாங்கலும் கிடையாது. 2.7 என்று எழுதினேன். வாயிலை மூடினார்கள். அவர் நாள் முழுக்கக் கேரம் ஆடினார். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நான் பொறுப்பில்லாதவன் என்ற எண்ணம் தங்களுக்கு வந்துவிடக் கூடாது.

அதற்குப் பிறகு கடல் பன்னிரண்டு நாள் அடங்கிக் கிடந்தது. வீட்டில் பெட்டி கட்டத் தொடங்கியிருந்தார்கள். பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்றிச் சுற்றி வைத்தாள். "அண்ணா, இந்தக் குக்கர் உங்களுக்கு, இந்த வாணலி எனக்கு" என்று பிரித்தாள். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நான் பிரிவை நினைத்து வாடுகிறேன் என்று மாப்பிள்ளை நினைத்துக்கொண்டார். முதுகில் தட்டி, "மாசம் ஒரு தடவை வந்து நிப்போம் மச்சான், விரட்டினாலும் போக மாட்டோம்" என்றார்.

ஜூலை 21, காலை பத்து மணி. கம்பத்தில் நான் எடுத்த அளவு 2.4. மூன்று தடவை எண்ணினேன். மூன்று தடவையும் 2.4. டூட்டி மாப்பிள்ளைக்கு. சரக்கு ஏற்ற வரும் காலிக் கப்பல். காலிக் கப்பல் தண்ணீரில் உயர மிதக்கும், ஏணி நீளம் அதிகம்.

பதிவேட்டில் 2.4 என்று எழுதினேன். நாற்பத்தொன்பது நாளைக்குப் பிறகு நான் எழுதிய முதல் உண்மையான எண். தாங்கள் ஆறாம் பக்கத்தில், "சம்பவ நாளன்று மட்டும் பதிவு சரியாக அமைந்தது தற்செயலே" என்று எழுதியிருக்கிறீர்கள். கப்பல் கேப்டனின் குறிப்போடு ஒப்பிட்டும் பார்த்திருக்கிறீர்கள். அந்த வரியையும் நீக்கிவிட வேண்டும். அளவு எடுப்பதில் என்னிடம் தற்செயல் என்பதே கிடையாது.

வயர்லெஸ்ஸில் எண்ணைச் சொன்னேன். பத்து நிமிடத்தில் படகிலிருந்து மாப்பிள்ளை கூப்பிட்டார்.

"மச்சான், ரெண்டு புள்ளி நாலா?"

"ரெண்டு புள்ளி நாலு."

பின்னால் படகு டிரைவர் ஏதோ சொல்வது கேட்டது. "இன்னிக்கு ஆட்டம் வேற மாதிரி இருக்கு சார்" என்று சொன்னதாகத் தங்களிடம் சொல்லியிருக்கிறார். அதுவாகத்தான் இருக்கும்.

"நெஜமாவே ரெண்டு புள்ளி நாலா மச்சான், இல்ல வழக்கம் போலயா? டிரைவர் முகம் சரியில்ல."

வயர்லெஸ்ஸில் எண்ணைத் தவிர அபிப்பிராயம் சொல்லக் கூடாது என்பது விதி. பதிவேட்டின் உள் அட்டையில் அச்சடித்தே இருக்கிறது. ஆனாலும் பொத்தானை அழுத்தியபடி கொஞ்ச நேரம் இருந்தேன். 'நிஜம்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் படகு திரும்பியிருக்கும். அவர் முட்டாள் இல்லை.

"எழுதினதுதான்" என்றேன்.

அவர் சிரித்தார். "சரி சரி, தள்ளுபடி போக ஒண்ணு புள்ளி ஒம்போது. வாங்கிக்கிறேன். தங்கச்சிகிட்ட சொல்லிடுங்க, சாப்பாட்டுக்கு வந்துடுவேன்."

தொலைநோக்கியில் பார்த்தேன். படகு கப்பலை ஒட்டிப் போனது. அவர் முன்தட்டில் நின்று இரண்டு அலையை விட்டுப் பிடித்தார். மூன்றாவது தூக்கலில் ஏணியைப் பற்றினார். மூன்று படி ஏறினார். படகு விலகுவதற்கு முன் அடுத்த அலை அதைத் தூக்கியது. ஒன்று புள்ளி ஒன்பதுக்கு அந்த மூன்று படி போதும். இரண்டு புள்ளி நாலுக்கு ஐந்து வேண்டும். படகின் விளிம்புக்கும் கப்பலின் இரும்புக்கும் நடுவில் இருந்தார். பிறகு ஏணி மட்டும் ஆடியது. மணி பத்து இருபத்திரண்டு. எழுதிக்கொண்டேன்.

அதன் பிறகு பழக்கதோஷத்தில் தொலைநோக்கியை இடப்பக்கம் திருப்பினேன். அவள் ஏதோ நறுக்கிக்கொண்டிருந்தாள்.

இரண்டு புள்ளி நாலை ஒன்று புள்ளி ஒன்பது என்று நான் எழுதியிருந்தால், அது கொலை. அதை நான் மறுக்க மாட்டேன். நான் உள்ளதை உள்ளபடி எழுதினேன். அவரைக் கொன்றது நான்தான் என்பதையும், ஜூன் 2 முதல் அதற்காகத்தான் உழைத்தேன் என்பதையும் இதன் மூலம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அன்றைய பதிவேட்டில் பொய் இல்லை. இந்த இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அந்த நாற்பத்தொன்பது நாளின் உண்மை அளவுகளை ஒரு தனி நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். கடிதத்தோடு இணைத்துள்ளேன். ஒரு வேளை கூட விடுபடவில்லை.

இப்போது சங்கடத்துக்கு வருகிறேன். தங்கள் அறிக்கையைத் தங்கைதான் முதலில் பிரித்துப் படித்தாள். நான்காம் பக்கத்தைத் திறந்தபடியே சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் கூட்டி எழுதச் சொன்னேன். அதனால அவர் உங்க எண்ணை நம்பாமப் போயிட்டார். என் வாய்தான்ணா அவரைக் கொன்னுது."

"அப்படி இல்லம்மா" என்றேன்.

"வேற எப்படி? தேதி போட்டு எழுதியிருக்காங்களே. இந்த ஜன்னல்ல நின்னு அந்தக் கம்பத்தைப் பார்க்க என்னால முடியல. நான் போறேன். எங்கயாவது."

ஜூலையில் கட்டிய அதே இரண்டு பெட்டிகள் வாசல் பக்கம் வந்துவிட்டன. வியாழக்கிழமை பயணம். நான்கு மாதமாக இந்த எண்ணத்தைத்தான் மனதில் வைத்துக்கொண்டு எனக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள். எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

ஆகவே ஐயா, தயவுசெய்து 'ஜூன் 20' என்பதை 'ஜூன் 2' என்று திருத்தி, 'தங்கையின் வேண்டுகோளின் பேரில்' என்பதை அடித்துவிட்டு, திருத்திய பிரதி ஒன்றைப் புதன்கிழமைக்குள் எங்கள் வீட்டு முகவரிக்கு, அவள் பெயருக்கே, அனுப்பிவைக்கவும். என்னை அழைத்துப்போக ஆள் அனுப்புவதானால் அதற்கு மறுநாள் அனுப்பினால் போதும். தவறு அவளுடையது இல்லை என்று தெரிந்துவிட்டால் இந்த வீட்டை விட்டுப் போக அவளுக்குக் காரணமே இருக்காது. அன்று சாயங்காலமே அந்த இரண்டு பெட்டிகளையும் நான் பரண்மேல் ஏற்றிவிடுவேன்.

இப்படிக்கு,
சிக்னல் அறை எழுத்தர்

இணைப்பு: நோட்டு ஒன்று.