கழுவி வைத்த காபிக்கெண்டி

பெர்த்தினி: இன்னும் அஞ்சு மணி நேரத்துல உங்க நாவல் அச்சுக்குப் போகுது, சிஞ்ஞோரா.

லிவியா: அதைச் சொல்லவா ரோம்லேர்ந்து ஜெனோவா வந்தீங்க? உளவுத்துறை அதிகாரிக்கு இப்போ துப்பறியும் கதை படிக்கிறதுதான் வேலையா, தொத்தோரே?

பெர்த்தினி: எழுதினவங்களையும் படிப்போம். உங்க ஃபைலைப் பார்த்துட்டுதான் வரேன். அம்மா தையல்காரி. அப்பா பேர்... காலியா இருக்கு.

லிவியா: இருக்கட்டும். என்ன வேணும்?

பெர்த்தினி: பதினோராவது அத்தியாயத்தை எடுத்துடுங்க.

லிவியா: நீதிபதியைக் கொல்ற அத்தியாயமா?

பெர்த்தினி: கதைதானே? மாத்த என்ன கஷ்டம்?

லிவியா: கதைதானே? பயப்பட என்ன இருக்கு?

பெர்த்தினி: நாக்கு நீளம்... பேரை மாத்திட்டா ஊருக்குத் தெரியாதா? துறைமுக ஊழல், அமைச்சரோட மச்சான்... எல்லாம் நீதிபதி வெல்லூத்தி விசாரிச்சதுதான். அவர் தற்கொலை பண்ணிக்கிட்டார். கேஸ் முடிஞ்சு பன்னெண்டு வருஷம் ஆச்சு.

லிவியா: முடிச்சு வெச்சீங்க.

பெர்த்தினி: கோர்ட் முடிச்சுது.

லிவியா: அதான் கோர்ட்டுக்குப் போகல. அங்க சொன்னா அவதூறு. துப்பறியும் கதைன்னு மஞ்சள் அட்டை போட்டு ரயில்வே ஸ்டேஷன்ல வித்தா பொழுதுபோக்கு. காபி போட்டிருக்கேன். சக்கரை?

பெர்த்தினி: ஒரு ஸ்பூன்... நீங்க வெச்சிருக்கிற துப்பே சப்பை, சிஞ்ஞோரா. கொல்ல வந்தவங்க அவரோட உக்காந்து காபி குடிச்சுட்டு, கெண்டியைக் கழுவி வெச்சுட்டுப் போனாங்களாம்!

லிவியா: படிக்கிறவங்களுக்குப் பிடிக்கும்.

பெர்த்தினி: சிரிப்பாங்க. சோப்பு வாசனையை வெச்சு எவனை உள்ள தள்ள முடியும்?

லிவியா: சோப்பா?

பெர்த்தினி: என்ன அப்படிப் பார்க்கறீங்க?

லிவியா: சோப்புன்னு நான் எழுதவே இல்லையே.

பெர்த்தினி: கழுவினதுன்னா... சோப்புதானே.

லிவியா: யார் வீட்ல? உங்க அம்மா காபிக்கெண்டிக்கு சோப்பு போட்டிருக்காங்களா? நம்ம நாட்டுல எவன் போடுவான்? வெறும் தண்ணிதான். இல்லேன்னா காபியே நாசம். கைரேகை போகணும்னு அவசரப்பட்டவன்தான் போடுவான்.

பெர்த்தினி: போலீஸ் ரிப்போர்ட்ல இருந்துச்சு.

லிவியா: போலீஸ் அதுல காபி போட்டுக் குடிச்சாங்களா?

பெர்த்தினி: பார்த்துப் பேசுங்க...

லிவியா: சோப்பு விஷயம் அதைக் கழுவினவங்களுக்குத் தெரியும். அப்புறம், மறுநாள் ஞாயித்துக்கிழமை, அவர் உள்ள தூங்கறார்னு நெனைச்சு அதுல காபி போட்டுக் குடிச்சவளுக்குத் தெரியும். அதை மட்டும் எழுதாம விட்டேன். யார் வந்து சொல்றாங்கன்னு பார்க்க.

பெர்த்தினி: அவர் தனியா இருந்தவர். ஞாயித்துக்கிழமை அங்க யாரும் வரமாட்டாங்க... நாங்க விசாரிச்சோம்.

லிவியா: சரியா விசாரிக்கல. குடிங்க, ஆறிடப் போகுது. அதே கெண்டிதான்.

பெர்த்தினி: யார்டி நீ?

லிவியா: அத்தியாயம் அப்படியே போகும். சோப்பையும் சேர்த்துடறேன், நேரம் இருக்கு. நீங்க போய் அந்த ஃபைலை எடுங்க, தொத்தோரே. காலியா இருக்கிற இடத்துல வெல்லூத்தின்னு எழுதுங்க. அவர் என் அப்பா.