முட்டைக்காக நின்ற படகு

தாம்பரத்திலிருந்து கேளம்பாக்கம் போகும் பேருந்தில், என் முன் இருக்கையில் இரண்டு பெண்கள். இளையவள் உப்பங்கழியில் சுற்றுலாப் படகு விடுகிறவள்.

"கழி நடுவுல மணல் திட்டு மேல பறவை முட்டை வச்சிக்கீது. அதான் படகுக்கு லீவு வுட்டுட்டேன்க்கா."

"சீசன்லயா? எல்லாரும் பக்கத்துப் படகுக்குப் போயிட மாட்டாங்க?"

"அந்தப் படகுக்காரரையும் கூட்டினு போய் கரையிலேருந்து காட்டினேன். மோட்டார் சத்தத்துக்குப் பறவை எழுந்து போச்சுன்னா, வெயில்ல முட்டை கெட்டுடும்னு சொன்னேன். ரொம்ப நேரம் பார்த்தாரு. அவரும் நிறுத்திட்டாரு."

"அப்போ பொழப்பு?"

"குஞ்சு பொரிக்கிற வரைக்கும் கரையோரமா நடந்தே சுத்திக் காட்டுறோம். பறவை இருந்தாதானேக்கா நாளைக்கும் ஜனங்க வருவாங்க? ஞாயித்துக்கிழமைக்கு இப்பவே இடமில்ல."

மூத்தவள் விரல் விட்டு எண்ணினாள்.

"எங்க வூட்டுலேருந்து நாலு பேரை எப்படியாவது சேர்த்துக்கோ."