பார்லிமெண்டுக்குப் போன குக்கர்

…அண்ணே, பையைத் தூக்குங்க. முதல்ல தூக்குங்க. தோள்ல மாட்டுங்க, கக்கத்துல இடுக்குங்க, தலையில வேணாலும் வெச்சுக்குங்க, தரையில மட்டும் வைக்காதீங்க. அந்தா வாசல் கேட்டுக்கிட்ட நீலச் சட்டை போட்ட காவல்காரத் தம்பி இந்தப் பக்கமே பாக்குது. இந்த ஆபீசுல இப்பல்லாம் மனுஷன் மயங்கிக் கீழ விழுந்தா மெதுவாத்தான் வருவாங்க. பை கீழ இருந்துச்சுன்னா பறந்து வருவாங்க.

புதுசா நீங்க? அதான பாத்தேன். எம்.பி.க்கு மனுக் குடுக்க வர்ற முகமெல்லாம் எனக்குப் பழக்கம். நீங்க பேசாட்டியும் பரவால்ல, கேட்டாப் போதும். முன்னாடி நிக்கற பிள்ளை காதுல எதையோ சொருகிக்கிட்டு நிக்குது. ஒரு மனுஷி எவ்வளவு நேரந்தான் செவுத்தோட பேசறது.

முன்னயெல்லாம் இந்த வரிசையில யாருங்க நின்னா? பைதான் நிக்கும். விடிஞ்சதும் வருவோம், பையை வரிசையில வெப்போம், அவங்கவங்க வேலையைப் பாக்கப் போயிருவோம். கூடை, குடை, ஹெல்மெட்டு… ஒரு தச்சரு வருவாரு, ஒத்தச் செருப்பை விட்டுட்டு இன்னொண்ணோட நொண்டிக்கிட்டே டீக்கடைக்குப் போவாரு. கதவு திறக்கற நேரத்துக்கு வந்து பைக்குப் பின்னாடி நின்னுக்குவோம். ஒரு சண்டை கிடையாது. வரிசை நகந்தா, பின்னாடி இருக்கறவங்க நம்ம பையையும் சேத்துக் காலால தள்ளி விடுவாங்க. அவ்வளவு நாணயமா நடந்த வரிசை இது.

இப்ப பாருங்க, கால் வீங்க நிக்கறோம். எல்லாம் அந்தப் பேச்சால வந்த வினை.

எந்தப் பேச்சா? என்னண்ணே நீங்க, டி.வி. பாக்கறதில்லையா? நம்ம எம்.பி. பார்லிமெண்டுல பேசுனாரே, பயங்கரவாதம், உலகப் பாதுகாப்பு, அது இதுன்னு. நானும் பாத்தேன், டீக்கடை டி.வி.யில. சும்மா சொல்லக்கூடாது, நல்லாத்தான் பேசுனாரு. எழுந்தாரு, கண்ணாடியைக் கழட்டுனாரு, "அவைத்தலைவர் அவர்களே, பயங்கரவாதத்துக்கு எல்லைக்கோடு தெரியாது"ன்னாரு. எதிர்க்கட்சிக்காரன்கூட கொட்டாவியைப் பாதியில நிறுத்திட்டான். "எங்கோ தூர தேசத்துல நடக்குதுன்னு நினைச்சோம், இன்னிக்கு என் வாசல்ல வந்து நிக்குது"ன்னாரு. எல்லா நாடும் ஒண்ணா சேரணும்னாரு, துப்புக் கிடைச்சா ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கணும்னாரு. மேசையைத் தட்டுனாங்க பாருங்க, டீக்கடைக் கண்ணாடி கிளாசெல்லாம் ஆடுன மாதிரி இருந்துச்சு.

அவர் சொன்னதுலயும் தப்பில்லண்ணே. எங்க நாத்தனா வெளிநாட்டுல இருக்கா. அவ ஊர் ரயிலடியில ஒரு நாள் நிஜமாவே குண்டு வெச்சுட்டானுங்க. அவ போன் கிடைக்கற வரைக்கும் எங்க வீட்டுல யாரும் வாயில தண்ணி ஊத்தல. எனக்கும் அவளுக்கும் ஆகாது, அது வேற. ஆனா அன்னிக்கு அவ "அண்ணி"ன்னு கூப்பிட்ட குரலைக் கேட்டுட்டு அடுப்படியில உக்காந்து அழுதேன். அதனால அந்தப் பயம் எனக்கும் புரியும். புரியாம ஒண்ணும் பேசல.

என் கதை என்னன்னா… நான் மத்தியானச் சாப்பாடு சமைச்சு ஆபீசுகளுக்கு அனுப்பறவ. வங்கி ஒண்ணு, இன்சூரன்ஸ் ஒண்ணு, ரெண்டு மூணு கடை. அண்டா மாதிரி ஒரு குக்கர் வெச்சிருந்தேன். அந்த அளவுல இப்ப செய்யறதே இல்லையாம், கடையில கேட்டா என்னையே மேலயும் கீழயும் பாக்கறான். அது விசில் அடிச்சா எங்க தெருவே கடிகாரம் பாக்கும். அந்தக் குக்கர் இப்ப போலீஸ் ஸ்டேஷன்ல இருக்கு. எப்படிப் போச்சுன்னு கேக்காதீங்க, சொல்றேன். அது இல்லாம சின்னச் சின்னப் பாத்திரத்துல மாத்தி மாத்தி வேக வெச்சு, சாப்பாடு தெனமும் லேட்டு. வங்கி மேனேஜரம்மா நேத்து சொல்லிட்டாங்க, இந்த வாரமும் இப்படின்னா வேற ஆளைப் பாத்துக்கறோம்னு. வங்கி போச்சுன்னா என் அடுப்பே அணைஞ்ச மாதிரிதான். ஸ்டேஷன்ல யாருதுன்னு சொல்லாம நைசா விசாரிச்சா, "எம்.பி. ஒரு வார்த்தை சொல்லாம தரமாட்டோம்"ங்கறாங்க. அவரு இன்னிக்குச் சாயந்திரம் ப்ளேன் ஏறிட்டா அடுத்து எப்ப வருவாரோ. அதான் நிக்கறேன்.

எம்.பி. எதுக்குச் சொல்லணுமா? நல்லாக் கேட்டீங்க. அதுக்குத்தான் வர்றேன்.

அன்னிக்கு நான் இங்க வந்தது தெருக்குழாய்க்கு மனுக் குடுக்க. குழாய் வந்துச்சான்னா வரல, அதை விடுங்க. வர்ற வழியில குக்கரையும் ரிப்பேருக்குக் கொண்டாந்தேன். மூடி நிக்காம ஆடுதுன்னு எங்க வீட்டுக்காரரு செவப்பு ஒயரைப் போட்டுச் சுத்திக் கட்டியிருந்தாரு. அவருக்கு எதைப் பாத்தாலும் ஒயர் போட்டுக் கட்டணும். எங்க வீட்டு நாற்காலி, ஜன்னல், கண்ணாடி ஃப்ரேம், எல்லாம் ஒயர்தான். அதைத் தூக்கி நாத்தனா குடுத்த பையில வெச்சேன். கறுப்புப் பை, முரட்டுத் துணி, மேல என்னமோ கொக்கி கொக்கியா வெளிநாட்டு எழுத்து. வரிசையில வெச்சுட்டு, நம்ம பழக்கப்படி, காய் வாங்கப் போனேன்.

திரும்பி வந்தா தெருவே காலி. குறுக்க கயிறு கட்டியிருக்கு. வரிசைக்காரங்க எல்லாம் எதிர்ச்சாரியில. நடுவுல என் பை மட்டும் தனியா, மாப்பிள்ளை மாதிரி உக்காந்திருக்கு. அன்னிக்குப் புதுசா வந்த காவல்காரரு, பாவம், நம்ம பைவரிசை சமாச்சாரமே தெரியாதவரு, லேசாத் தொறந்து பாத்திருக்காரு. ஒயரு தெரிஞ்சிருக்கு. அவ்வளவுதான். குண்டு எடுக்கறவராம், மெத்தையைச் சுத்திக்கிட்ட மாதிரி ஒருத்தர் அசைஞ்சு அசைஞ்சு வர்றாரு. ஒரு நாயைக் கூட்டியாந்தாங்க. அது மோந்துச்சு, வாலை ஆட்டுச்சு, அப்படியே உக்காந்துருச்சு. உக்காந்தா ஆபத்துன்னு அர்த்தமாம். எத்தனை வருஷம் நான் சமைச்ச பாத்திரம், எந்த நாயாவது எழுந்து போகுமாண்ணே?

மைக்குல கேட்டாங்க, "இது யார் பை, யார் பை"ன்னு. நான் கையைத் தூக்கியிருப்பேன். ரெண்டு கையிலயும் காய் இருந்துச்சு.

அப்படிப் பாக்காதீங்க. காயைக் கீழ வெச்சுட்டுத் தூக்கியிருக்கலாம், தெரியும். போலீசு துப்பாக்கியைப் பாத்ததும் கூட்டத்துக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டேண்ணே. சரி, எல்லாம் அடங்குனதும் சொல்லிக்கலாம்னு வீட்டுக்குப் போனேன். மறுநாள் சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள அவரு பார்லிமெண்டுல எழுந்து நின்னுட்டாரு. "என் அலுவலக வாசலில், அயல்நாட்டு எழுத்துப் பொறித்த பையில், கம்பிகள் சுற்றிய ஒரு கலன்"… கலனாம். என் குக்கரை அதுவரைக்கும் யாரும் அப்படி மரியாதையாக் கூப்பிட்டதில்ல. வெடிமருந்து எதுவும் கிடைக்கலையே, அப்புறம் எதுக்கு வெச்சாங்கன்னு ஒரு நிபுணரு டி.வி.யில யோசிச்சாரு. ஒத்திகையாம். அந்த எழுத்து ஏதோ ஒரு கூட்டத்தோட கோஷமா இருக்கும்னாரு. நாத்தனாவுக்கு போன் போட்டுக் கேட்டேன். "அது டயப்பர் கடைப் பை அண்ணி"ங்கறா.

இப்ப நான் உள்ள போயி என்னத்தைச் சொல்லுவேன்? என்னுதுன்னு சொன்னா, அவரு அத்தனை நாட்டையும் ஒண்ணு சேரச் சொன்னது எதுக்குன்னு ஊரே சிரிக்கும். சிரிக்க வெச்சவளுக்கு அவரு குக்கரா எடுத்துக் குடுப்பாரு? சொல்லாட்டி வங்கி போயிரும். யாரோ ஒரு ஏழைக்குச் சொந்தமானதுன்னு சுத்தி வளைச்சுக் கேக்கலாம்னு…

என்னண்ணே, கிளம்பிட்டீங்க? டீயா? முகமே ஒரு மாதிரி ஆயிருச்சே. நான் அந்த மாதிரி ஆளெல்லாம் இல்லண்ணே, சமைக்கறவ. சரி, போயிட்டு வாங்க, இடத்தை நான் பாத்துக்கறேன். அந்த டீக்கடையில சக்கரை தூக்கலாப் போடுவான், கம்மியாச் சொல்லுங்க.

…அண்ணே. ஓய், அண்ணே, பையை… கீழயே வெச்சுட்டுப் போயிட்டாரே மனுஷன். இவ்வளவு நேரம் யாருக்குச் சொன்னேன் நான்?

என்ன தம்பி, கேட்டை விட்டுட்டு வந்துட்டே? பையா? எந்தப் பை?

இரு தம்பி, விசிலை வாயில வைக்காத. நீ ஊதுனா கயிறு கட்டுவாங்க, நாய் வரும், எம்.பி. பின்வாசல் வழியா ப்ளேனுக்குப் போயிருவாரு. எதுக்கு அதெல்லாம்? அது… என்னுது. ஆமா, என்னுதுதான். ரெண்டு கையையும் தூக்கிச் சொல்றேன், போதுமா? தொறந்து பாரு, தாராளமா. உள்ள என்ன இருக்குங்கறியா? சொந்தப் பையில என்ன இருக்குன்னு பொம்பளைகளுக்கு ஞாபகமா இருக்கும்? நீ எடு, நான் சொல்றேன். ஆங், குடை. அப்புறம், பேண்ட்டு… வீட்டுக்காரரோடது. ஷேவிங் பிரஷ்ஷு… அதுவும் அவரோடதுதான், பின்ன என்னுதா? சிரிக்காத தம்பி. உள்ள வெச்சு மூடு, நான் தோள்ல மாட்டிக்கறேன். அந்த அண்ணன் வந்தா, அவரு பை எம்.பி.யைப் பாக்க உள்ள போயிருக்குன்னு சொல்லு.

என் முறையா? வந்துட்டேன், வந்துட்டேன்.

வணக்கம் அய்யா. இல்லைங்க, குழாய் இல்லைங்க. உக்காரல, நின்னே சொல்லிடறேன். வாசல்ல இப்பத்தான் ஒரு பையை என்னுதுன்னு சொல்லிட்டு வந்தேன், அந்தச் சூட்டோட இதையும் சொல்லிடறேன், ஆறுனா வராது. நீங்க பார்லிமெண்டுல அருமையாப் பேசுனீங்க அய்யா. எங்க நாத்தனாகூட அங்கேர்ந்து பாத்தாளாம். அதுல ஒரு கலன் வந்துச்சு பாருங்க…

அதுக்கு விசில் பத்திரமா இருக்கான்னு மட்டும் ஸ்டேஷன்ல கேட்டுச் சொல்லுங்க அய்யா. அந்த அளவுல இப்ப கிடைக்கறதில்ல.